ஆண்டவரோடு ஒரு மனத்தாங்கல்



தமிழிலே மனத்தாங்கல் என்று ஒரு சொல் உண்டு. பகை வேறு, வெறுப்பு வேறு, மனத்தாங்கல் வேறு. வழியிற் போகும் அயலான் ஒருவன் நம்மைக் கண்டும் காணாதவன்போற் சென்றால் நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. உடன்பிறந்த அண்ணன் அவ்வாறு சென்றுவிட்டாலோ அன்றிரவு உறக்கம் பிடிப்பதில்லை. உரிமை உள்ள இடத்திலேதான் மனத்தாங்கல் பிறக்கும். எங்கள் ஊவா மலைத் தோட்டங்களில் இதற்கென ஓர் அடையாளமும் வைத்திருக்கிறார்கள். மனத்தாங்கல் கொண்ட உறவினர் கலியாணத்துக்கு வருவார், துக்கத்துக்கும் வருவார், முறைப்படி செய்ய வேண்டியவற்றையெல்லாம் குறைவின்றிச் செய்வார். பந்தி விரிக்கும் வேளையில் மாத்திரம் மெல்ல எழுந்து வாசற்பக்கம் போய்விடுவார். "வந்தார், ஆனால் கை நனைக்கவில்லை" என்று மற்றவர்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொள்வார்கள்.

கடவுளுடைய வீட்டிலே கை நனைக்க மறுத்த ஒரு தாயைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இது கிறிஸ்தவர்களுடைய காரியமாயிற்றே என்று ஏனைய சமயத்து நேயர்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். எந்தப் பெயரால் இறைவனை அழைத்தாலும், அழைத்த குரலுக்குப் பதில் வராத நாள் ஒன்று எல்லார் வாழ்விலும் உண்டல்லவா?

1986ஆம் ஆண்டு. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலே நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். தகரக் கூரையிட்ட சிறிய கோயில் ஒன்று அங்கே இருந்தது. தோட்டத்துத் தமிழரிடையே ஊழியம் செய்வதற்கென்று 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் முதலாகப் பல சபைகள் இம்மலைகளிலே இவ்வாறான சிறு கோயில்களை எழுப்பின. எங்கள் கோயிலில் நாற்பது பேர் கூடினால் அது பெரிய கூட்டம். ஐயர் பதுளையிலிருந்து மாதம் ஒரு முறை வந்து திருவிருந்து நடத்துவார். மற்றைய ஞாயிறுகளில் ஜெபம் நடத்தும் பொறுப்பு என்னுடையது.

அந்த அம்மா ஒரு ஞாயிறும் தவறாமல் வருவார். கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய விரல்கள், வெளுத்த சேலை, வாசலை ஒட்டிய கடைசி வாங்கு. பாட்டுப் பாடுவார். வேத வாசிப்பைக் கேட்பார். ஐயர் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்ததும் எழுந்து வெளியே போய்ப் பலாமரத்தடியில் நின்றுகொள்வார். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, ஒன்றும் நடவாததுபோல எங்களோடு சேர்ந்து மலையிறங்குவார். இப்படியே ஐந்து மாதங்கள் சென்றன. அவரிடம் போய்ப் பேசுமாறு சபையார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எந்தக் கேள்விக்கும் விடை தெரிந்திருந்த வயது அது.

அவருடைய கதையை முன்னரே அறிந்திருந்தேன். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரிமையற்றவர்களாக்கிவிட்டது. பதினாறு ஆண்டுகளின் பின், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. எழுதிப் பார்த்தால் எளிதான கூட்டல் கழித்தல் கணக்கு. ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் உண்டு வாழ்ந்த குடும்பங்களின் நடுவே அந்தக் கோடு விழுந்தது. இந்த அம்மாவும் அவருடைய கணவரும் இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஒரே மகளை மணம் முடித்துக் கொடுத்த இடத்திலோ இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள்.

1973இல் மகள் புறப்பட்டாள். அக்காலத்தில் ஆட்களை ஏற்றிச் சென்ற அந்த இரயிலுக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. பதுளை நிலையத்திலே வண்டி நகரத் தொடங்கியதும் மேடையில் நின்றவர்கள் வண்டியோடு கூடவே ஓடினார்கள். தலைமன்னார் சென்று, கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிற் பதிவு செய்து, கடைசியில் நீலகிரியிலே கோத்தகிரிப் பக்கம் மகளின் குடும்பம் குடியேறியது. இங்கே விட்டது தேயிலை. அங்கே கிடைத்ததும் தேயிலை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருவேன் என்று மகள் சொல்லிப் போயிருந்தாள். கூலிக்காரப் பெண்ணுக்குக் கப்பற் கூலி எங்கிருந்து வரும்? தாய் நாள்தோறும் முழந்தாளிட்டு ஒரே ஒரு வரம் கேட்டார். ஒரு முறை மகளின் முகத்தைக் காட்டும் என்பதே அந்த வரம். 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று. 1986இன் தொடக்கத்தில் மருமகனிடமிருந்து கடிதம் வந்தது. மகளை அடக்கம் செய்து இருபத்துநான்கு நாட்கள் கழிந்த பின்னரே அக்கடிதம் தாயின் கைக்குக் கிடைத்தது.

நான் போனபோது அவர் லயத்து வாசலில் அமர்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் வேறு எதை எதையோ பேசிவிட்டு, "எல்லாம் ஆண்டவருடைய சித்தம், பெரியம்மா" என்றேன்.

முறம் நின்றது.

"சித்தமா தம்பி? ரெண்டு கவருமெண்டும் கையெழுத்துப் போட்டது ஒப்பந்தமில்லையா? அத எதுக்கு ஆண்டவரு தலையில போடுறீங்க?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அவர் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தாழ்ந்த குரலிலே தொடர்ந்தார்: "அவருக்கும் எனக்கும் உள்ள வழக்கு வேற. பதிமூணு வருசம் கேட்டேன். ஆகும், ஆகாதுன்னு ஒரு வார்த்த சொன்னாரா? அதுக்குத்தான் கை நனைக்கல."

எழுத்தறியாத அந்தத் தாய் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே எழுதி வைத்திருந்தார். நானோ இரண்டையும் ஒன்றாய்க் கலந்து, அதன்மேல் 'சித்தம்' என்று முத்திரை குத்த முயன்றேன். அன்று மலையிறங்கி வரும்போது என் முகம் எரிந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்த நாளை நினைத்தால் நாணமே வருகிறது.

முதற் கணக்கை முதலிற் பார்ப்போம். பதுளை நகரிலே பரிசுத்த மாற்கு ஆலயத்தைக் கண்டிருப்பீர்கள். 1857இல் அர்ப்பணம் செய்யப்பட்ட அவ்வாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. அவர் பதுளையில் ஆட்சி நடத்திய ஆங்கில அதிகாரி. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் பெற்றவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். நண்பர்களுக்கு அவருடைய மரணம் ஓர் ஆலயம் எழுப்பத்தக்க பேரிழப்பு. ஊராருக்கோ அது யானைகளின் பழி, தெய்வத்தின் தண்டனை. நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையைக்கூட மின்னல் விடவில்லை என்று இன்றும் கதை சொல்வார்கள். ஆனால் அதே காலத்தில், கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்து, வாந்திபேதியால் பாதையோரத்திலேயே மாண்டுபோன நம் முன்னோர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் எந்த யானையைச் சுட்டார்கள்? அவர்களுக்குக் கல்லும் இல்லை; காரணம் கற்பிக்கும் கதையும் இல்லை. ஒருவனுடைய மரணத்துக்குத் தெய்வத்தின் பெயரால் காரணம் சொல்லத் துணிகிறவன் மற்ற எல்லா மரணங்களுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் மறைந்தன. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களில் சிலர் மாலையில் திரும்புவதற்கு வீடும் இல்லை; பெற்றோரும் இல்லை. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்நாட்களில் சமய வேறுபாடின்றி எல்லார் வாயிலும் எழுந்த கேள்வி, "கடவுளே, நாங்கள் என்ன செய்தோம்?" என்பது. அதற்கு விடை சொல்லவும் சிலர் வந்தார்கள். சாபம் என்றார்கள், சோதனை என்றார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்கள் இடம்பெயர வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அறிஞர்கள் எச்சரித்திருந்தார்கள் என்பதைச் சொன்னவர்களோ குறைவு. மாற்றுக் காணியும் வீடும் இல்லாதவன் எங்கே இடம்பெயர்வான்? 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வீசியபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. அப்பொழுதும் அதே கேள்வி எழுந்தது.

சீலோவாம் என்னும் இடத்திலே ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே காணலாம். இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைக் காட்டிலும் பாவிகள் என்று எண்ணுகிறீர்களா என்று இயேசுநாதர் கேட்டார்; அல்ல என்று தாமே விடையும் சொன்னார். இடிந்த கோபுரத்தின் அடியிலே கிடந்தவர்களின் மேல் பாவக் கணக்கு எழுத அவர் இடங்கொடுக்கவில்லை. மீரியபெத்த மண்ணின் அடியிலே கிடந்தவர்கள்மீது எழுத நமக்கு மட்டும் உரிமை எங்கிருந்து வந்தது? மனிதர் செய்ததையும் செய்யத் தவறியதையும் கடவுளின் பெயரில் பற்று வைப்பது பக்தி ஆகாது. செய்தவர்களைத் தப்பவிடுகிற வழி அது. திருச்சபையாரிலும் இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1972இலே பதுளை தனியொரு கத்தோலிக்க மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகையும், அதே ஆண்டில் கண்டியிலே சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கிய போல் காஸ்பர்ஸ் அடிகளாரும், தோட்ட மக்களின் துயரத்தைப் பீடத்துக்கு முன்னே மட்டும் வைக்காமல் நாட்டுக்கு முன்னேயும் வைத்தவர்கள். நாடற்றவர் என்ற நிலையை முற்றாக நீக்க வந்த சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. எங்கள் அம்மா அதைக் காண உயிரோடு இருக்கவில்லை.

இனி இரண்டாவது கணக்கு. இதுவே கடினமானது. ஒப்பந்தம் மனிதருடையது என்று ஒப்புக்கொண்டாலும், மனிதர் கையொப்பமிட்ட வேளையிலே ஆண்டவர் எங்கே இருந்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. பதின்மூன்று ஆண்டுகள் ஏன் மௌனமாயிருந்தார்? நேயர்களே, இதற்கு என்னிடம் விடை இல்லை. விடை வைத்திருந்த காலத்தில் நான் எவருக்கும் பயன்பட்டதும் இல்லை.

எனினும் ஒன்று சொல்லலாம். கேள்வியைக் கேட்பது அவிசுவாசம் என்று நம் சபைகளிலே பரவியிருக்கும் எண்ணத்துக்கு வேதத்திலே ஆதாரமில்லை. சங்கீதங்கள் நூற்றைம்பது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுகள். ஏன் உறங்குகிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர், இன்னும் எத்தனை காலம் என்று பாடுவோர் கேட்கிறார்கள். தம்மை இணங்கச் செய்து ஏமாற்றிவிட்டதாகவே எரேமியா ஆண்டவர்மீது குற்றஞ்சாட்டுகிறார். புலம்பல் என்ற பெயராலேயே ஒரு நூல் வேதத்துக்குள் இருக்கிறது. அவ்வாறிருக்க, துக்க வீட்டிலே நம் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தால், அது நம்பிக்கையற்றவர்களின் வழக்கம் என்று தடுத்த உபதேசிமார் பலர் தோட்டங்களிலே இருந்தார்கள். ஒப்பாரியை நிறுத்தினார்கள், அழுகையை அவர்களால் நிறுத்த முடிந்ததா?

பெத்தானியாவிலே லாசரு நோயுற்றபோது அவனுடைய சகோதரிகள் இயேசுநாதருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் உடனே புறப்படவில்லை. இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினார். வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாளாகியிருந்தது. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்று மார்த்தாள் முகத்துக்கு நேரே சொன்னாள். மரியாளும் வந்து அதையே சொன்னாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. மரியாளும் கூட வந்தவர்களும் அழுததைக் கண்டு அவரும் அழுதார் என்றே யோவான் எழுதுகிறார். பின்னொரு நாள் சிலுவையிலே, ஏன் கைவிட்டீர் என்று கேட்கும் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கத்தையே அவரும் தம் வாயால் எடுத்துச் சொன்னார். அந்த நேரத்தில் அவருக்கும் வானிலிருந்து பதில் வரவில்லை.

இஃது எபிரேயருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் தமிழ் மரபில் சுந்தரமூர்த்தி நாயனாரை நினைத்துப் பாருங்கள். பார்வை இழந்து, திருவாரூருக்கு வந்து நின்று, இறைவனை வாழ்த்துவதுபோல அவர் வைத வசைக்கு நிகரான உரிமைப் பேச்சை வேறு எங்கே காண்போம்? தம்பிரான் தோழர் என்று அவருக்குப் பெயர். தோழனே அப்படிப் பேச முடியும். வேலைக்காரன் பேசமாட்டான், ஆம் என்று தலையசைத்துவிட்டு வெளியே போய் முணுமுணுப்பான்.

நான் அஞ்சுவது இந்த வேலைக்காரப் பக்தியைத்தான். கோபத்தோடு வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு அச்சமில்லை. முதல் வாங்கில் அமர்ந்து, எல்லாப் பாட்டும் பாடி, திருவிருந்தும் எடுத்து, உள்ளே மட்டும் அடுப்பு அணைந்து சாம்பலாகிவிட்ட மனிதர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஆண்டவரிடம் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அவரிடம் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

யோபுவின் நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது எனக்கே நான் சொல்லிக்கொள்வது. அவர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் யோபுவோடு தரையிலே ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைப்போல நல்ல நண்பர்கள் இல்லை. எட்டாம் நாள் விளக்கம் சொல்ல வாய் திறந்தார்கள். கடைசியில் ஆண்டவர், வழக்காடிய யோபு பேசியதே சரி என்றும், தமக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் பேசியது சரியல்ல என்றும் தீர்ப்புச் சொன்னார். நான் அந்த லயத்து வாசலில் ஏழு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் ஐயர் வந்தபோது நடந்ததை அவரிடம் மறைக்காமற் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வாரும், போய்ப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அம்மா சாயத் தேநீர் வைத்துக் கொடுத்தார். ஐயர் அதை நிதானமாகக் குடித்தார். மகளைப் பற்றிக் கேட்டார். அவள் சிறுவயதில் எப்படி இருப்பாள், என்ன பாட்டுப் பாடுவாள் என்று கேட்டார். அம்மா நெடுநேரம் பேசினார். பிறகு ஐயர் வேதத்தைத் திறந்து எண்பத்தெட்டாம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார். முறைப்பாட்டுச் சங்கீதங்களில் மற்றவை பெரும்பாலும் கடைசியில் ஏதேனும் ஒரு துதியிலாவது வந்து முடியும். இந்த ஒன்று அப்படியல்ல. இருளிலே தொடங்காவிட்டாலும் இருளிலேதான் முடிகிறது. வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். "இதுவும் வேதத்துலயா இருக்கு, சாமி?" என்றார்.

"ஆம், அம்மா."

"பொறகு ஏன் இதைக் கோயில்ல வாசிக்கிறதில்ல?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த திருவிருந்திலே அவர் வெளியே போகவில்லை; ஆனால் முன்னேயும் வரவில்லை. கடைசி வாங்கிலேயே அமர்ந்திருந்தார். அவ்வாறே மூன்று மாதம் சென்றது. நாலாம் மாதம் எல்லாருக்கும் பின்னால் எழுந்து வந்து கையை நீட்டினார். அன்று மலையிறங்கும்போது, "மனசு ஆறிட்டுதா, பெரியம்மா?" என்று கேட்டேன். "எங்க ஆறுது?" என்றார். "வழக்கு இருக்கத்தான் செய்யுது. ஆனா பேச்சு விட்டுப் போகல."

1994இல் அவர் காலமானார். அப்போது நான் வேறொரு தோட்டத்திலே இருந்தேன். செய்தி கேட்டு ஓடினேன். அவர் தலைமாட்டில் ஒரு வேதப் புத்தகம் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேரப்பிள்ளை முறையான ஒரு சிறுமி மாலையில் வாசித்துக் காட்டுவாளாம். புத்தகத்தைத் திறந்தேன். கோத்தகிரிக் கடிதம் மடித்தபடியே எண்பத்தெட்டாம் சங்கீதத்திலே இருந்தது. அடக்கத்தின்போது வாசிக்கும்படி என்னைக் கேட்டார்கள். அதையே வாசித்தேன். வழக்கமான இருபத்துமூன்றாம் சங்கீதத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழியருகே மண் தள்ள நின்ற பெரியவர் ஒருவர் என் காதருகே வந்து, "மாஸ்டர், பக்கம் மாறிப் போச்சுதோ?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா" என்றேன்.